வாசலில் வெடிக்குப்பை

அசையக் கூடாது என்று தவமணி சொல்லிவிட்டு நகர்ந்த பிறகுதான் அறிவழகனுக்குக் காதின் பின்புறம் அரிக்கத் தொடங்கியது. தலை முழுக்க டை அப்பியிருந்தது. கழுத்தைச் சுற்றித் துணி, துணிக்கு மேல் பழைய துண்டு, நெற்றி ஓரத்திலும் காது மடலிலும் கறை பிடிக்காமலிருக்கத் தேங்காயெண்ணெய். கையை வெளியே எடுத்துச் சொறிந்தால் விரலில் ஒட்டும், ஒட்டினால் லேசில் போகாது. சாயங்காலம் மேடையில் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது முன்வரிசைக்கு முதலில் தெரிவது விரல்தான். முன்வரிசை என்றதும் அக்காவின் நினைப்பு வந்தது. காலையிலிருந்து எதை நினைத்தாலும் சுற்றிக்கொண்டு அங்கேதான் போய் நின்றது. காலையில் போன் போட்டான், அவள் எடுக்கவில்லை. எடுக்காததில் ஒரு நிம்மதியும் இருந்தது. கண்ணாடியில் வெள்ளைத் துணிக்கு மேல் கறுப்புச் சேறு பூசிய ஒரு தலை அவனைப் பார்த்துக்கொண்டிருந்தது. தவமணியின் கடையில் இன்னும் ஒரே ஒருவர்தான் இருந்தார், டூவீலர் பட்டறை வைத்திருக்கும் லூர்து. சவரத்துக்கு வந்தவர், சவரம் முடிந்தும் போகாமல் பேப்பரோடு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். “சாருக்கு எந்தப் படத்துல ஹீரோ வேசம்” என்று கேட்டார். “புத்தகம் வெளியிடுறாங்கய்யா. சார் எழுதுனது” என்றான் தவமணி. “அதுக்கு எதுக்கு டை? எழுத்தாளர்னா நரைச்சுத்தானே இருக்கணும்.” இதையேதான் அவனும் மனைவி சுகந்தியிடம் கேட்டான், சின்ன வயதில் கஷ்டப்பட்டதைப் படிக்கப்போகிறவனுக்கு டை எதற்கு என்று. “கஷ்டம் அப்ப. இப்ப என்ன கேடு” என்றாள் அவள்.

கஷ்டம் அப்போது. அப்போது என்றால் எப்போது, எவ்வளவு கஷ்டம் என்று யாராவது உட்கார வைத்துக் கேட்டால் பதில் சொல்ல முடியுமா என்று தோன்றியது. புத்தகம் முழுக்கச் சின்ன வயதுக் கட்டுரைகள். நாகல் நகரில் ஒரு காம்பவுண்டு, வரிசையாக ஓட்டு வீடுகள், பொதுக் குழாய், கடைசி வீடு அவர்களுடையது. சாயங்காலம் படிக்க வேண்டிய பக்கத்தைப் பதிப்பாளர் குமரகுருவே தேர்ந்தெடுத்துவிட்டார். தீபாவளியன்று காலையில் யார் வீட்டு வாசலில் வெடிக்குப்பை அதிகம் என்று பிள்ளைகள் போட்டி போடுவார்கள். சரவெடியின் சிவப்புத் தாளும் அணுகுண்டின் சணல் நாரும் வாசல் நிறையக் கிடந்தால் அது கௌரவம், மறுநாள் வரை யாரும் கூட்ட மாட்டார்கள். அவர்கள் வீட்டில் வெடி கிடையாது. விடிவதற்கு முன்னால் அம்மா முறத்தை எடுத்துக்கொண்டு பக்கத்துத் தெருவுக்குப் போய் அங்கே கிடந்த குப்பையை அள்ளிவந்து சொந்த வாசலில் தூவினாள். விடிந்ததும் அண்டை வீட்டு நேசம்மா கண்டுபிடித்துச் சிரித்தாள். அப்போது அம்மாவின் முகம் எப்படி இருந்தது என்று ஒரு நீண்ட வாக்கியம். அந்த வாக்கியத்தைப் படித்துவிட்டுக் கையெழுத்துப் பிரதியை மூடி வைத்துவிட்டு வெளியே போய் நின்றதாகக் குமரகுரு சொன்னார். அந்தப் பக்கத்தைத்தான் அக்கா முன்னால் படிக்க வேண்டும். அக்கா தனியாக வந்தால் பரவாயில்லை, சம்பந்தியோடு வருகிறாள். அக்கா மகள் யாழினிக்கு நிச்சயம் முடிந்திருக்கிறது, தையில் கல்யாணம். பழனியில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் குடும்பம். பெண்ணின் தாய்மாமன் எழுத்தாளர் என்றதும் அவர்களாகவே வருகிறோம் என்றார்களாம். வந்து, நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து, மருமகளாக வரப்போகிறவளின் பாட்டி தெருக்குப்பை அள்ளிய கதையைக் கேட்பார்கள்.

வேறு பக்கம் படிக்கலாம். ஆனால் எல்லாப் பக்கமும் ஏதோ ஒரு விதத்தில் அந்தப் பக்கம்தான். கூட்டங்களில் மற்றவர்கள் படிப்பதைக் கேட்டுக் கேட்டு அவனுக்கு ஒரு பயம் இருந்தது. ஒருவர் பட்டினி கிடந்ததைப் படிப்பார், அடுத்தவர் தன் தங்கை பட்டினியால் செத்ததைப் படிப்பார். அந்த வரிசையில் போய் நின்றால் தன்னுடையது குறைந்தபட்ச வறுமை என்று யாராவது திருப்பி அனுப்பிவிடுவார்களோ என்று. அவர்கள் வீட்டில் யாரும் பட்டினி கிடந்ததில்லை. காலையில் பழையது, மதியம் பள்ளிக்கூடத்துச் சோறு, மாலையில் ஏதோ ஒன்று. அப்பா சினிமாத் தியேட்டரில் டிக்கெட் கிழிப்பவர். பிள்ளைகளைக் கதவைத் திறந்து உள்ளே விட்டுவிடுவார். ஊரில் ஓடிய எல்லாப் படத்தையும் காசில்லாமல் பார்த்தவர்கள் அந்தக் காம்பவுண்டில் அவனும் அக்காவும்தான். சிரித்தாளே நேசம்மா, அவளே தீபாவளிக்கு வந்த புதுப்படத்துக்கு இடம் பிடித்துக் கொடுக்கச் சொல்லி அன்று மதியம் அப்பாவிடம் வந்து நின்றாள். இது எழுத்தில் இல்லை. எழுதினான், பிறகு அடித்தான். இரண்டும் ஒரே நாளில் நடந்தது என்று எழுதினால் சிரிப்பின் மேல் இருக்கும் கோபம் போய்விடுகிறது. அதைவிடப் பெரிய சிக்கல் அப்பாவின் கறுப்புச் சட்டை. தீபாவளி நமக்கில்லை, கொண்டாட மாட்டோம் என்பது அவருடைய கொள்கை. பிள்ளைகளுக்குத் தேடிப் பிடித்துத் தமிழ்ப்பெயர் வைத்தவர், அறிவழகன் என்றும் பூங்கோதை என்றும். அப்படியானால் வெடி இல்லாததற்குக் காரணம் காசில்லாததா, கொள்கையா? போனஸ் நன்றாகக் கிடைத்த ஒரு வருஷம் அவர் மத்தாப்புப் பெட்டி வாங்கிவந்து ஒன்றும் சொல்லாமல் மாடத்தில் வைத்த மாதிரி ஒரு நினைவு இருக்கிறது. அது தீபாவளிதானா, கார்த்திகையா? காசில்லாத வருஷங்களில் மட்டும்தான் கொள்கை இருந்ததா? கொள்கைக்காரர் வீடு என்று தெருவுக்கே தெரியும் என்றால் வாசலில் குப்பை இல்லாததில் என்ன வெட்கம்? இதையெல்லாம் எழுதிக் கொடுத்தபோது குமரகுரு பென்சிலால் ஒரு பெரிய கோடு போட்டார். “இந்த எடத்துல அப்பா வந்து கொழப்புறார். வறுமை மட்டும் நிக்கட்டும்” என்றார். எடுத்ததும் பக்கம் பளிச்சென்று ஆகிவிட்டது உண்மைதான். எடுத்தது எங்கே போனது என்றுதான் தெரியவில்லை.

அரிப்பு காதிலிருந்து பிடரிக்கு இறங்கியது. டை வழிகிறதா, வியர்வையா? தவமணியைக் கூப்பிடலாம். வழிகிறது என்று அவன் சொல்லிவிட்டால் அதற்கும் பயப்பட வேண்டும். அறிவழகன் கண்ணை மூடிக்கொண்டு அந்த வாசலை நினைத்தான், சாயங்காலம் படிக்கும்போது குரல் எங்கே உடையும் என்று பார்ப்பதற்காக. வீட்டுக்குள் நிலைப்படிக்குப் பின்னால் அவன் நிற்கிறான். வெளியே நீலமாக விடிந்துகொண்டிருக்கிறது. அம்மா குனிந்து தூவுகிறாள். இது எத்தனையோ தடவை பார்த்த படம்தான். ஆனால் இப்போது, கண்ணாடியில் தன் பிடரி தெரியுமா என்று யோசித்துக்கொண்டிருந்ததாலோ என்னவோ, ஒன்று இடறியது. உள்ளேயிருந்து பார்த்தால் தெருவைப் பார்த்து நிற்பவளின் முதுகுதானே தெரியும்? முகத்தை எப்படிப் பார்த்தான்? அவள் திரும்பியிருக்கலாம். திரும்பினாள் என்று வைத்துக்கொண்டால் நேசம்மா எந்தப் பக்கம் நின்று சிரித்தாள்? அம்மாவைத் திருப்பினான், நேசம்மாவைக் குழாயடிக்கு நகர்த்தினான், தன்னை வெளியே கொண்டுவந்து தூணோரம் நிறுத்தினான். எங்கே நிறுத்தினாலும் முகம் மட்டும் தெளிவாக இருந்தது, மற்றவை ஆடின. கீழுதட்டைப் பல்லால் கவ்வி, சிரிப்பதுபோல ஆரம்பித்து நின்றுபோன முகம். அவ்வளவு தெளிவான ஒன்று பொய்யாக இருக்க முடியாது.

போன் அடித்தது. கண்ணாடிக்குக் கீழே பவுடர் டப்பாக்களுக்கு நடுவில் கிடந்ததைத் தவமணி எடுத்துப் பார்த்தான். “அக்கான்னு வருது சார். எடுக்கட்டுமா?” வேண்டாம் என்று தலையை ஆட்டினால் டை தெறிக்கும். அந்தத் தயக்கத்தைச் சம்மதமாக எடுத்துக்கொண்டு அவன் பொத்தானை அழுத்தி, சத்தத்தையும் கூட்டி, சீப்பு டப்பாவில் சாய்த்து வைத்தான். “பேசுங்க சார், ஸ்பீக்கர் போட்டுட்டேன்.”

“டேய் அழகு, எங்கடா இருக்க?” கடை முழுக்க அக்காவின் குரல்.

“கடையில இருக்கேன்க்கா. அப்புறமா கூப்பிடட்டுமா?”

“அப்புறம் எங்க கூப்பிடுவ. பஸ்ஸு ஏறிட்டா எனக்கு ஒண்ணும் கேக்காது. சம்பந்தியம்மா உள்ள காப்பி குடிக்கிறாங்க, நான் கொல்லப்பக்கம் வந்து பேசுறேன். எந்தப் பக்கத்தடா படிக்கப்போற? வெடிக்குப்பையத்தானா? நீ அனுப்புன புத்தகத்த யாழினி படிச்சுட்டுச் சொன்னா.”

பெஞ்சில் லூர்துவின் பேப்பர் கொஞ்சம் கீழே இறங்கியது. தவமணி சீப்பை எதற்கோ துடைக்க ஆரம்பித்தான். “அக்கா, நான் கடையில...” என்றான் அறிவழகன். எந்தக் கடை என்று அவளும் கேட்கவில்லை.

“அம்மா அள்ளிட்டு வந்துச்சுன்னு எழுதிருக்கியாம்.”

“ஆமா.”

“அம்மா எங்கடா அள்ளுச்சு? நான்ல அள்ளுனேன்.”

அவன் கண்ணாடியைப் பார்த்தான். கண்ணாடியில் இருந்தவன் அசையவில்லை.

“முறமாம்ல முறம். முறத்துல அள்ளுனா வழியெல்லாம் பறக்காதா? ஒரச்சாக்குடா. பிள்ளையார் கோயில் சந்துல அள்ளுனோம். நீதான் சாக்கு வாயப் புடிச்சுக்கிட்டு வந்த. விரிச்சுப் புடிறான்னா சிரிச்சுக்கிட்டே நிக்கிற, உனக்கு அது வெளாட்டு.”

“எனக்கு அப்படி ஞாபகம் இல்லக்கா. நான் உள்ள நின்னுதான்...”

“உனக்கு என்னதான் ஞாபகம் இருந்துச்சு. அம்மா முந்துன நாள் பொழுதுசாயவே கோலத்தப் போட்டு வச்சிருச்சு, அப்பாவுக்கு வெள்ளன ஆட்டத்துக்குச் சோறு கட்டணுமேன்னு. நான் இருட்டுல அதப் பாக்கல. மேலயே கொட்டிப் பரப்பிட்டேன். விடிஞ்சு பாத்தா அத்தன குப்பைக்கும் கீழ கோலம் ஒரு புள்ளி கலையாமக் கெடக்கு. தரையில ஒரு பொட்டுக் கரி இல்ல. நேசம்மா வந்து நின்னுச்சு. ‘ஏண்டி கோதை, உங்க வீட்டு வெடி மட்டும் கோலத்துக்கிட்ட கேட்டுக்கிட்டு ஓரமாப் போயி வெடிச்சுச்சோ’ன்னுச்சு பாரு. காம்பவுண்டே சிரிச்சுச்சு.”

லூர்துவும் சிரித்துவிட்டார். உடனே அதை இருமலாக மாற்றிக்கொண்டு பேப்பருக்குள் போனார்.

“அம்மா?” என்றான் அறிவழகன்.

“அம்மா சத்தங்கேட்டு வெளிய வந்துச்சு. பாத்துச்சு. என்னயத் திட்டவுமில்ல, ஒண்ணுமில்ல. காலால கோலத்தத் தேச்சு அழிச்சுட்டு உள்ள போயிருச்சு. எல்லாரும் பாத்த பெறகு அழிச்சு என்ன புண்ணியம்.”

“சரிக்கா. அப்ப படிக்கும்போது மாத்திச் சொல்லிடட்டுமா? அக்கான்னு...”

“கிறுக்கா ஒனக்கு. சம்பந்தி உக்காந்திருக்கயில எம்பேரச் சொல்லுவியா? அம்மான்னே இருக்கட்டும். அம்மாவ இனிமே யாரு என்ன சொல்லப்போறாங்க.” உள்ளே யாரோ கூப்பிட்டிருக்க வேண்டும். “இந்தா வந்துட்டேன்” என்று வேறு குரலில் சொன்னாள். போன் அணைந்தது.

“அக்கா நல்லாப் பேசுறாங்க சார்” என்றான் தவமணி. லூர்து பேப்பரை மடித்தார். “நாங்க கிறிஸ்மஸுக்கு வாசல்ல நட்சத்திரம் கட்டுவோம் சார். உள்ள பல்பு இருக்காது. பகல்ல யாருக்குத் தெரியும். பொழுது விழுந்ததும் எங்கப்பா கரண்டு கட்டுன்னு சொல்லிக்கிட்டு வெளிய போயிருவாரு, எதுத்த வீட்டுல லைட்டு எரியும்” என்றார். தவமணி வாய்விட்டுச் சிரித்தான். அறிவழகனும் சிரித்தான். இப்படிச் சிரித்துக்கொண்டே சொல்ல முடிகிற ஒன்றைத்தான் தான் அவ்வளவு நீண்ட வாக்கியமாக எழுதினோமா என்று தோன்றியது. லூர்துவிடம் எழுதச் சொன்னால் அவரும் நீளமாகத்தான் எழுதுவாரோ என்னவோ. தவமணி அவனை எழுப்பிக் கொண்டுபோய்த் தொட்டியில் தலையைக் கவிழ்த்தான். தண்ணீர் பிடரியில் விழுந்தது, கறுப்பாக ஓடியது. மூக்குக்குள் காரம் ஏறியது. சாக்கின் வாயைப் பிடித்துக்கொண்டு நின்ற பையனைத் தேடினான். உரச்சாக்கின் மணம் வந்தது, வந்ததா, இந்த மருந்தின் மணமா? சாக்கு இருந்தால் அவன் வெளியே இருந்திருக்கிறான். வெளியே இருந்தால் நிலைப்படிக்குப் பின்னால் நின்றவன் யார்? அம்மா கோலத்தைத் தேய்த்தது மட்டும் இப்போது தெரிந்தது, அல்லது அக்கா சொன்னதால் தெரிந்தது. குப்பைக்கு நடுவில் ஒரு குதிகால், பித்தவெடிப்புக்குள் கோலமாவு. நிலைப்படிக்குள் இருந்து அதைத்தான் பார்த்தானோ? குப்பையின் மேல் நின்ற அம்மாவைப் பார்த்துவிட்டுக் குப்பையைக் கொண்டுவந்தவளும் அவளேதான் என்று எப்போதோ முடிச்சுப்போட்டுக்கொண்டானோ? அம்மா குனிந்திருந்தாள். அம்மாவின் முகம் தெரியவில்லை.

அப்படியானால் அந்த முகம். தவமணி காதைச் சுற்றித் துணியால் அழுத்தித் துடைத்தான். “கறை போயிரும் சார், அசையாதீங்க.” அம்மாவுக்குக் கீழுதட்டைக் கவ்வும் பழக்கம் கிடையாது. இதை ஏன் எழுதும்போது யோசிக்கவில்லை? அம்மா வாயை இறுக்கிக்கொள்வாள், உதடே தெரியாது. உதட்டைக் கவ்வுகிறவள் யார் என்று அவனுக்குத் தெரியும். நிச்சயத்தன்று மாப்பிள்ளையின் அப்பா, உங்க அப்பாரு என்ன வேலை பாத்தாங்க என்று சாதாரணமாகக் கேட்டார். அக்கா கீழுதட்டைக் கவ்வி, சிரிப்பதுபோல ஆரம்பித்து, தியேட்டர்ல மேனேஜருங்க என்றாள். சொல்லிவிட்டு அவனைப் பார்த்தாள். அவன் தட்டிலிருந்த மிக்சரைப் பார்த்தான். அந்தப் பக்கத்தில் அப்பா இல்லாதது முதல்முறையாக அவனுக்கு ஆறுதலாக இருந்தது. எழுதும்போது யாருடைய முகத்தை வைத்துக்கொண்டு எழுதினான்? பதினான்கு வயதுப் பெண் தாவணி முனையைப் பிடித்துக்கொண்டு வாசலில் நிற்கிறாள், காம்பவுண்டே சிரிக்கிறது. அந்த முகத்தை வெட்டி அம்மாவின் கழுத்தில் ஒட்டியிருக்கிறான். ஒட்டு தெரியவில்லை என்பதால்தான் குமரகுரு வெளியே போய் நின்றார். சாயங்காலம் அவன் மேடையிலிருந்து அந்த முகத்தை வாசிப்பான். அதே முகம் கீழே சம்பந்தியம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, வேறு யாருடையதோ என்பதுபோலக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். உதட்டைக் கவ்வாமல் இருக்க வேண்டும். அவளால் முடியுமா? அவள் கவ்வுவதைப் பார்த்துவிட்டால் அவனால் அடுத்த வரியைப் படிக்க முடியுமா? அம்மா என்று படித்தால் செத்தவள் மேல் போடுகிறோம். அக்கா என்று படித்தால் இருப்பவளை நிறுத்துகிறோம். இரண்டையும் படிக்காமல் விட்டால்.

அதுதான் சரி என்று பட்டது. பட்டதும் உடம்பு லேசானது. தவமணி தலையைத் துவட்டி முடிப்பதற்குள் போனை எடுத்துவிட்டான். இந்தத் தடவை காதில் வைத்துக்கொண்டான். “அக்கா, அந்தப் பக்கத்தைப் படிக்கல. பள்ளிக்கூடத்தப் பத்தி ஒண்ணு இருக்கு, அதப் படிச்சுடுறேன். நீ பயப்படாம அவங்களக் கூட்டிட்டு வா.”

பஸ்ஸ்டாண்டு இரைச்சல் கேட்டது. யாரோ ஒட்டன்சத்திரம் ஒட்டன்சத்திரம் என்று கூவிக்கொண்டிருந்தார்கள்.

“ஏன்?” என்றாள் அக்கா.

“சும்மாதான். உனக்கு எதுக்குக் கஷ்டம்.”

“எனக்கென்ன கஷ்டம். அம்மான்னுதானே இருக்கு.” கொஞ்சம் நிறுத்தினாள். குரல் தணிந்தது. பக்கத்திலிருப்பவர்களுக்குக் கேட்காமல் பேசுவதற்காக வாயைப் பொத்தியிருக்க வேண்டும். “யாழினி ரெண்டு தடவ படிச்சுக் காட்டுனா. மொகத்தப் பத்தி எழுதிருக்கியே, அந்த எடம். அவளுக்கு ஒண்ணும் தெரியாது, பாட்டி பாவம்மான்னு அழுதா. நான் அடுப்படியில போயி நின்னுக்கிட்டேன்.”

ஈரம் காதிலிருந்து கழுத்துக்கு இறங்கியது, கறுப்பா வெறும் தண்ணீரா என்று பார்க்கவில்லை.

“நீ அதப் படிக்கலன்னா நான் எதுக்குடா இம்புட்டுத் தூரம் வர்றேன்” என்றாள்.

“சரிக்கா” என்றான். “படிக்கிறேன். வா.”

“மெதுவாப் படி. அந்த எடத்துல அவசரப்படாத” என்று சொல்லிவிட்டு அக்கா பஸ் ஏறப் போனாள்.